எழுந்தவன் திருப்பி வைக்க வேண்டும்

தலைகீழான் என்கிற பேரை அண்ணி முதன்முதலில் கேட்டது, அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாள் காலையில். அடுப்படியில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து புருஷன் குரல் வந்தது. "டேய் தலைகீழா, எழுந்தா திருப்பி வைச்சுட்டுப் போன்னு எத்தனை தரம்டா சொல்றது?" எதையோ கவிழ்த்துவிட்டார்கள், தரையெல்லாம் ஈரமாகியிருக்கும் என்று நினைத்து அவள் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தரை காய்ந்துதான் கிடந்தது. டிவி முன்னால் புருஷன் வீடியோ கேம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு விமானம் மூக்குக் குத்திக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒல்லிக்குச்சியான ஒருவன் அவள் கையிலிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் டிவிக்குள்ளதான் அண்ணி, வெளிய வராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொழுந்தன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தச் சம்பந்தமே சுற்றி வளைத்து வந்ததுதான். அண்ணியின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி உண்டு. அந்த அக்காவின் ஓரகத்திக்குத் தம்பி முறை ஆகிறவர்தான் இந்த வீட்டு மாமனார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாமியார், மூத்தவன், இளையவன், இவ்வளவுதான் வீடு. மூத்தவனைக் கட்டிக்கொண்டதால் இவள் அண்ணி. பிறகு தெருவே அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட.

பேர் வந்த கதையை மாமியார்தான் சொன்னார். சின்ன வயதில் இளையவனைக் கடைக்கு அனுப்பினால் சாமானும் வராதாம், ஆளும் வரமாட்டானாம். கடைத்தெருவில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. கார் மெஷினுக்கும் குத்துச்சண்டை மெஷினுக்கும் முன்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு நிற்பார்கள். மூலையில் யாரும் சீண்டாத விமான மெஷின் ஒன்று இருந்தது. இடிபட விரும்பாமல் இவன் அதில் போய் உட்கார்ந்தான். விமானத்தில் குச்சியை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே இறங்கும், பின்னால் இழுத்தால் மேலே ஏறும். அது அவன் மணிக்கட்டில் குடியேறிவிட்டது. பிறகு வீட்டுக்கே ஒரு கேம் பெட்டி வந்தபோது, துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டானாலும் சரி, குதிரை ஏறிப் போகிற விளையாட்டானாலும் சரி, முதல் வேலையாக செட்டிங்குக்குள் போய் மேலைக் கீழாக்கி, கீழை மேலாக்கி வைத்துக்கொண்டுதான் ஆடுவான். அவனுக்குப் பிறகு ரிமோட்டைத் தொடுகிறவன் வானத்தைப் பார்க்க நினைத்தால் தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடைக்காரர் வைத்த பேர் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. கடைசியில் பெற்றவளே அப்படிக் கூப்பிட்டார்.

அண்ணிக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டாள். ஏன் இப்படி ஊரோடு ஒட்டாமல் ஆடுகிறாய் என்று ஒருநாள் கேட்டுவைத்தாள்.

"மேல பாக்கணும்னா நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி? தலையைப் பின்னால சாய்ப்பீங்களா, முன்னால குனிவீங்களா?"

அவள் சாய்த்துப் பார்த்தாள். உத்தரத்தில் ஒட்டடை தொங்கியது.

"அவ்வளவுதான். நான் ஒருத்தன்தான் நேரா இருக்கேன். வீடுதான் கவுந்து கிடக்கு" என்றான்.

வீட்டில் யார்தான் ஒழுங்காக ஆடினார்கள்? மாமியாருக்கு செல்போனில் தோட்டம் போடுகிற விளையாட்டு. விதை போடுவார், தண்ணீர் ஊற்றுவார், பூச்சி எடுப்பார். அறுவடை மட்டும் செய்யமாட்டார். முற்றிப் போய்க் காய்ந்து உதிர்ந்தாலும் சரி, வளர்ந்ததை வெட்ட மனசு வராது என்பார். அண்ணியே போகப் போக ரிமோட் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பிடித்தது சண்டை விளையாட்டு. ஆனால் சுடமாட்டாள். குண்டு மழைக்கு நடுவே ஒவ்வொரு வீடாகக் கதவைத் திறந்து உள்ளே போய், சமையலறை எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், அலமாரியில் தட்டு அடுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். "யாரும் சுடாதீங்கப்பா, அண்ணி வீடு பாக்க வந்திருக்காங்க" என்பான் தலைகீழான்.

மூத்தவனுடைய ஆட்டம் வேறு. எந்த விளையாட்டானாலும் இருப்பதிலேயே லேசான கட்டத்தைத்தான் எடுப்பான். நடுவில் திரையில் கதை வந்தால் பொறுக்கமாட்டான், பொத்தானை அமுக்கித் தள்ளிக்கொண்டே போவான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவான். பிடுங்கிவிட்டால் தோற்றதாகப் பெட்டியில் ஏறாது. அவனை ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அண்ணன் தம்பிக்குள் ஓயாத சண்டை அந்த மேல் கீழ் செட்டிங்கால்தான். அதற்காகத்தான் மூத்தவன் ஒரு சட்டம் போட்டான்: எழுந்தவன் திருப்பி வைக்க வேண்டும். தலைகீழான் ஆரம்பத்தில் மறந்தான், திட்டு வாங்கினான், பிறகு மறக்கவே இல்லை. வீடு தீப்பற்றி எரிந்தாலும் செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்து ஓடுவான் என்று அண்ணி கேலி செய்வாள். ஆனால் மூத்தவனுக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பி மாற்றியிருக்கமாட்டான் என்று அவனே ஒரு தரம் தட்டுவான். தம்பி ஏற்கெனவே மாற்றியிருப்பதால், நேராக இருந்தது மறுபடி கவிழ்ந்துவிடும். விமானம் கடலில். அந்த முதல் காலையில் அண்ணி பார்த்ததும் அதைத்தான் என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. மூத்தவன் பார்த்துவிட்டு மாற்றலாம் இல்லையா? பார்க்கமாட்டான். திட்டுவான். "ரெண்டு பேரும் திருப்பினா பழையபடிதானே வரும்?" என்று அண்ணி கேட்டால் தம்பி சிரிப்பான், மூத்தவன் ப்ளக்கைப் பிடுங்குவான்.

மூத்தவன் ஊருக்கு வெளியே இருந்த இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தான். குழாய்க் கட்டுகள், தகடுச் சுருள்கள், கம்பிகள் எல்லாம் அங்கே வந்து இறங்கி லாரி ஏறும். முன்பெல்லாம் கிரேனுக்கு மேலே கூண்டு இருந்தது, ஆள் ஏணியில் ஏறிப்போய் ஓட்டுவார். புது முதலாளி வந்ததும் கூண்டுகளைக் கழற்றிவிட்டு, அதில் உட்கார்ந்திருந்த பெரிய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையில் ஒரு கண்ணாடி அறை கட்டினார். அறைக்குள் குளிர். திரைகள், நாற்காலி, நாற்காலியின் இரண்டு பக்கமும் இரண்டு குச்சிகள். குச்சியை அசைத்தால் வெளியே கிரேன் அசையும். கை பழகின பையன்கள் யாராவது இருந்தால் சொல் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு மூத்தவன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனான். அதை அவன் பிறகு ஆயிரம் தரம் சொல்லிக் காட்டினான்: நான்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டேன்.

மெஷினைப் பொருத்தினவர்கள் குச்சியை முன்னால் தள்ளினால் கொக்கி மேலே ஏறும்படி வைத்திருந்தார்கள். வேறு ஷிப்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்த மூத்தவனுக்கு அது பொருந்தியது. தம்பிக்கு ஆகவில்லை. திரையின் ஓரத்தில் திசையை மாற்ற ஒரு பொத்தான் இருந்தது, மாற்றினதற்கு அடையாளமாக நகத்தளவு ஒரு அம்பு. உனக்கு எது வசதியோ அப்படி வைத்துக்கொள், அடுத்தவன் உட்காரும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவர்களுக்கா தெரியாது? வீட்டில் போட்ட சட்டம் அப்படியே கிடங்குக்குப் போனது.

தலைகீழான் அந்த வேலையில் நன்றாக நிலைத்தான். கீழே நின்று கட்டுக்குக் கயிறு போட்டுக் கொக்கி மாட்டுகிறவர் ஒருவர் இருந்தார். இளையவன் ஷிப்ட் என்றால் தான் தூங்கிக்கொண்டே கொக்கி மாட்டலாம் என்று டீக்கடையில் அவரே சொல்வாராம். மூத்தவன் காதில் அது விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து, சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினான். உப்பு இருந்தது.

அந்தக் காலத்தில்தான் அண்ணி ஒரு காரியம் செய்தாள். அவளுடைய சித்தப்பாவுக்கு நடுமகள் ஒருத்தி, மருந்துக் கடையில் வேலை. அவளைத் தம்பிக்குப் பேசினாள். இருவரையும் பேசவிட்டு வெளியே வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன என்று பிறகு விசாரித்தால், அந்தப் பெண் செல்போனில் கார் ரேஸ் ஆடுவாளாம். ஆனால் எல்லாரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓட்டுவாளாம். ஜெயிக்கவா முடியும் என்று இவன் கேட்டதற்கு, எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கலாம் இல்லையா என்றாளாம். அதற்குப் பிறகு தலைகீழான் வேறு பெண் பார்க்க வேண்டாம் என்றுவிட்டான். நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அது நடந்தது ஒரு மத்தியானம். தம்பியின் ஷிப்ட். லாரியில் குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஷிப்டுக்கு முன்னதாகவே வந்துவிட்ட மூத்தவன் அறைக்குள் வந்து, "எழுந்திருடா, மூஞ்சியைப் பாரு, போய் எதையாவது தின்னுட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றான். ஒருவர் பேரில் இருக்கிற நாற்காலியில் இன்னொருவர் உட்காரக்கூடாது என்று கிடங்கில் சட்டம் உண்டு. அண்ணன் தம்பிக்குள் அதை யார் பார்த்தார்கள்? தம்பி குழாய்க் கட்டைப் பாதியில் நிறுத்தினான், திசையை அண்ணனுக்குத் தகுந்தபடி திருப்பி வைத்தான், எழுந்து கை கழுவப் போனான். மூத்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் கை போய் அந்தப் பொத்தானைத் தட்டியது.

வெளியே, கட்டுக்கு அடியில் வைத்த மரக்கட்டை கோணலாக இருந்தது. கொக்கி மாட்டுகிறவர் கொஞ்சம் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, கட்டையை நகர்த்தக் கையை உள்ளே விட்டார். மூத்தவன் குச்சியை முன்னால் தள்ளினான். கட்டு இறங்கியது.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்தபோது, அண்ணன் குச்சியைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தானாம். அவனை நாற்காலியோடு தள்ளிவிட்டு இவன் குச்சியைப் பிடித்துத் தன் வழக்கப்படி இழுத்தான். கட்டு ஏறியது. ஏறினபோதே, அண்ணன் மறுபடி மாற்றியிருக்கிறான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் உள்ளே ஓடிவந்தபோது நாற்காலியில் இருந்தவன் தலைகீழான். மூத்தவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான், இப்போதுதான் வேலைக்கு வந்தவன் மாதிரி, சாப்பாட்டுப் பை தோளில்.

கொக்கி மாட்டுகிறவருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணை என்று அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். தம்பி அண்ணன் பேரை எடுக்கவில்லை. அண்ணன் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறான், அவனே சொல்லுவான் என்று காத்திருந்தான். குச்சியின் திசையை மாற்றுகிற பழக்கம் உனக்கு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றான். ஏன் என்றார்கள். வீட்டில் விளையாடும்போதும் அப்படித்தான் என்று உள்ளதைச் சொன்னான். வேலை நேரத்தில் விளையாட்டுப் புத்தியோடு இருந்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் பேரே அப்படித்தானே என்று ஒருவர் சொல்ல, இரண்டொருவர் சிரித்தார்களாம். மூத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டபோது, தான் அப்போதுதான் உள்ளே வந்ததாகச் சொன்னான்.

இதெல்லாம் அண்ணிக்கு அன்றைக்கே தெரியாது. தம்பி மறந்துபோய்த் திருப்பி வைக்காமல் எழுந்துவிட்டான், அதனால் வந்த வினை என்றுதான் புருஷன் வீட்டில் சொன்னான். தான் நாற்காலியில் இருந்ததை அவளிடம் மறைக்கவில்லை, ஆனால் குற்றம் தம்பியுடையது. அண்ணி அதை நம்பத்தான் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. தீப்பற்றி எரிந்தாலும் திருப்பி வைக்கிறவன் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தான்? துணி மடித்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "நீங்க உட்கார்ந்ததும் பாத்தீங்களா, எந்தப் பக்கம் இருக்குன்னு?"

"என்னத்தைப் பாக்கறது? அவன் எங்க மாத்தியிருக்கப் போறான்னு நான்தான் மாத்தினேன்."

சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே உறைத்தது. அவன் முகம் போன போக்கை அண்ணி மறக்கவே இல்லை. மடித்த துணி மடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை, நால்வரும் இருக்கும்போதே அண்ணி பேச்சை எடுத்தாள். மருமகளாக வந்ததிலிருந்து அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்தினதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "தம்பி திருப்பி வைச்சது சரி. நீங்க பாக்காம மறுபடி திருப்பினதுதான் தப்பு. இதை ஆபீஸ்ல போய் நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மூத்தவன் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். மாமியார்தான் பேசினார். அண்ணி வயிற்றில் அப்போது பிள்ளை இருந்தது. பெரியவன் வேலை போனால் இந்த வீடு என்ன ஆகும், வரப்போகிற பிள்ளைக்கு யார் சோறு போடுவது, சின்னவனுக்கென்ன, தனி ஆள், கை கால் நன்றாக இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான், எப்படியும் அவன் வேலை போய்விட்டது, இன்னொரு வேலையும் சேர்ந்து போக வேண்டுமா? சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் சின்னவன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுடா. நான் சொல்றதுல என்ன தப்பு?"

தலைகீழான் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் டம்ளரைப் பார்த்தான்.

"தப்பில்லைம்மா" என்றான் தலைகீழான். எழுந்து போய் முகம் கழுவினான். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் கொக்கி மாட்டுகிறவரைப் பார்க்க அவன் போனான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுபடி போனான். மூன்றாம் தரம் போனபோது அவர் மனைவி வராந்தாவிலேயே மறித்து, உன் முகத்தைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை, வராதே என்று கும்பிட்டாள். மூத்தவனும் ஒருநாள் போனான். அவனுக்கு நாற்காலி போட்டார்கள். தம்பி செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அதையும் அவன் வீட்டில் வந்து சொன்னான்.

சித்தப்பா சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவன் கையை முடமாக்கினவனுக்கு, அதுவும் விளையாட்டுப் புத்தியால், நான் பெண் கொடுப்பதா என்றாராம். சித்தப்பா வாயில் ரகசியம் தங்காது, அவரிடம் உண்மையைச் சொன்னால் விடிவதற்குள் கிடங்கு வாசலில் போய் நிற்பார். அதனால் அண்ணி அவரிடம் போகவில்லை. மருந்துக் கடைக்குப் போனாள். கூட்டம் குறைகிற வரைக்கும் ஓரமாக நின்று, தங்கச்சி முறையாகிற அந்தப் பெண்ணிடம் நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இத்தனையும் தெரிந்தால் அவள் அப்பாவை எதிர்த்து நிற்பாள் என்று நம்பித்தான் போனாள்.

அந்தப் பெண் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இதை ஏன்க்கா நீ வந்து சொல்ற? அவருக்கு வாயில்லையா?" என்றாள்.

அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை அவனுக்கு என்றாள் அண்ணி.

"சரி, ஆபீஸ்ல சொல்ல வேணாம். என்கிட்ட சொல்லலாம்ல? ஒரு போன் பண்ணலை. நாளைக்கு உங்க மாமியார் என்னைத் தூக்கி வெளிய போடச் சொன்னாலும் தப்பில்லைம்மான்னுதானே சொல்லுவாரு?"

 அடுத்து ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணி ஒதுங்கி வெளியே வந்தாள். அந்த வருஷமே அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அண்ணி போனாள், மூத்தவனும் வந்தான், விருந்து நன்றாக இருந்ததாகச் சொன்னான்.

தலைகீழான் அதற்குப் பிறகு வேலை தேடி அலைந்தான். கிடங்கு, பட்டறை, கட்டடம் கட்டுகிற இடம், எங்கே போனாலும் அந்தப் பேர் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. வீட்டில் ரிமோட்டை அவன் தொடவில்லை. மூத்தவன் மட்டும் சாயங்காலம் ஆடினான், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு.

பிள்ளை பிறந்து, தவழ்கிற சமயம். ஒருநாள் மத்தியானம் மூத்தவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து கிடங்குச் சங்கதி சொல்லிக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு மெஷின் செய்த கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து எல்லாவற்றையும் சோதித்தானாம். கிரேன் என்றால் எங்கேயும் இழுத்தால்தான் ஏறும், இங்கே யார் இதைத் தள்ளினால் ஏறுகிறமாதிரி வைத்தது என்று சத்தம் போட்டானாம். பழைய கூண்டுகளிலும் அப்படித்தான் இருந்ததாம், அதைச் சொல்ல ஒரு பெரிய ஆளாவது மிச்சம் இருந்தால்தானே. இனிமேல் யாரும் மாற்ற முடியாதபடி இழுத்தால் ஏறுகிற பக்கமாகவே பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டானாம்.

"இப்ப எல்லாத்தையும் அவன் மாதிரி ஆக்கிட்டானுங்க. எனக்குக் கையே வரமாட்டேங்குது" என்று மூத்தவன் அலுத்துக்கொண்டான்.

அண்ணி சோறு போட வந்தவள், கரண்டியோடு நின்றாள். அடுத்த அறையில் தம்பி இருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு அசைவும் இல்லை. அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். மூத்தவன் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

அடுத்த வாரம் தலைகீழான் பையில் துணி எடுத்து வைத்தான். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அண்ணி கதவருகே வந்து நின்றாள். இப்போதே கிளம்பிக் கிடங்குக்குப் போகிறேன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போகிறேன், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வருகிறேன், வருவது வரட்டும் என்றாள். 

"வேணாம் அண்ணி. இனிமே நீங்க சொன்னா அவன் வேலைதான் போகும், என்னுது திரும்ப வராது." சட்டையை மடித்து வைத்தான். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தான். "அன்னைக்கு அந்த ரூம்ல அவன் வாயைத் திறந்திருந்தான்னா, நானே வேணாம்னு தடுத்திருப்பேன். பழியை நானே ஏத்துக்கிட்டிருப்பேன், சந்தோஷமா. அவன் திறக்கலை. அதுதான்."

"ஒரு தரம் அவர்கிட்ட நீயே கேட்டுடு தம்பி. மனசுலயாவது ஆறும்."

"கேட்டா ப்ளக்கைப் பிடுங்குவான்" என்றான். சிரித்தமாதிரி இருந்தது, சிரிப்பில்லை.

பிள்ளை தவழ்ந்து வந்து அவன் பையின் வாரைப் பிடித்து இழுத்தது. விரல் விரலாக விடுவித்துவிட்டு, அண்ணி கையில் தூக்கிக் கொடுத்தான். அம்மா வரும்வரை இருக்கவில்லை. மூத்தவன் சாயங்காலம் வந்து, எங்கே அவன் என்று கேட்டான். போய்விட்டான் என்றாள் அண்ணி. எங்கே போனான் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிவி சத்தம் கேட்டது.

மாமியார் கடைசிவரை, சின்னவன் கோபக்காரன், நல்லது சொன்னால் பிடிக்காது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் படுக்கையில் விழுந்தபோது சின்னவனுக்குச் செய்தி அனுப்பினார்கள். காரியம் முடிந்தபிறகுதான் வந்தான். வந்தவன் தாயின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான், அண்ணியிடம் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டான், அண்ணன் தோளில் கை வைக்க வந்தபோது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். சாப்பிடாமல் புறப்பட்டுவிட்டான். மூத்தவன் இப்போது அதே கிடங்கில் சூப்பர்வைசர். அவனிடம் கேட்டால், தம்பிக்கு நான் செய்யாததா என்பான்.

தலைகீழான் வேறொரு ஊரில் சலவைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறான். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே துவைக்க வருகின்றன. அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்து அறையில் தங்கியிருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே அவனை அவன் சொந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.